ஒத்தச்சடைப் படம்

பால் கிண்ணத்தை மாயக்காள் அத்தை நீட்டியதும் உதயகுமார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். நாற்பத்தாறு வயது ஆள். அருப்புக்கோட்டை பஜாரில் பாத்திரக்கடை வைத்து நாலு பேரை வேலை வாங்குகிறவன். ஊசி போடப் பிடித்துவந்த பிள்ளை மாதிரி சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றான்.

"பிடிடா. எல்லாரும் ஊத்தியாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி."

"சித்த நேரம் கழிச்சு ஊத்துறேன் அத்தை."

"ஒம்பது நாளா இதத்தான சொல்ற!"

கட்டிலில் கிடந்தது அவன் அண்ணன் ஜெயபாண்டி. நரிக்குடி பக்கத்துக் கருவேலங்காட்டை எல்லாம் ஏலத்தில் எடுத்து, வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லோடு அனுப்பியே முப்பது வருஷம் ஓட்டிய மனுஷர். மூட்டத்துப் புகை கடைசியில் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில், 'இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க' என்று சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கே பேச்சு நின்றது. கண் பாதி மூடிப் பாதி திறந்து கிடந்தது. மூச்சு மட்டும் போவதும் வருவதுமாக ஒன்பது நாளாக இழுத்துக்கொண்டிருந்தது.

மாயக்காள் அத்தை சும்மா இருக்கிறவளா? இந்த ஊரில் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்த வீட்டுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று மேலக்காட்டுச் செம்மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு வாயில் விட்டாள். பொன்னாசையாக இருக்கும் என்று தாலிச் சங்கிலியை உரசி விட்டாள். மகள்கள், மருமகன்மார், பங்காளிகள், பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த சம்பந்திக்காரர்வரை வரவழைத்துப் பால் ஊற்ற வைத்தாள். யார் கைப் பாலுக்கு உயிர் காத்துக் கிடக்கிறதோ அவர் ஊற்றினால் போய்விடும் என்பது கணக்கு. ஒருத்தர் கையிலும் போகவில்லை.

இதில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்பு கட்டிவிட்டால் அம்மன் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊருக்குள் கொட்டு இல்லை, பந்தல் இல்லை, வாய்விட்டு அழக்கூடக் கூடாது. விழுந்த சாவை விழுந்த கையோடு ஓசையில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அப்படித்தான் போன வருஷம் தங்கமாரியைத் தூக்கினார்கள், அவள் பெற்ற பிள்ளைகள் வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். ஜெயபாண்டிக்கு அந்தக் கதி வந்துவிடக்கூடாது என்று எல்லோருக்கும் ஆசை. அதனால் அவர் இன்றைக்கே சாக வேண்டும் என்று, அவர்மேல் பிரியமாக இருந்தவர்கள் எல்லாம் வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கப்பனுக்கும் நீதானடா கடைசியா ஊத்துன?" என்றாள் மாயக்காள். குரலில் கோபம் இல்லை, கொஞ்சல்தான். "கரண்டிய வாயை விட்டு எடுக்கல, எங்கண்ணன் பொசுக்குனு போயிட்டான். ஒரு இழுப்பு இல்ல, ஒரு சங்கடம் இல்ல. நல்ல கைடா உன் கை. அந்தக் கைக்குத்தான்டா இவனும் கெடக்கான்."

உதயகுமார் எதற்குப் பயந்து ஒன்பது நாளாக வாசலோடு வந்து திரும்பினானோ, அதையே அவள் பாராட்டாக எடுத்துவிட்டாள். அப்பா சாகும்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. யாரோ கரண்டியைக் கையில் கொடுத்தார்கள், ஊற்றினான். பால் தொண்டைக்குள் இறங்கும் சத்தம் கேட்டது, ஒரு விக்கல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஒருத்தர் வாயிலும் கரண்டி வைத்ததில்லை. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு மருந்து ஊற்றச் சொன்னால்கூட எழுந்து போய்விடுவான். அவன் பெண்டாட்டி அதைக் கல்மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காரணம் தெரிந்த ஒரே ஆள் இதோ கட்டிலில் கிடக்கிற ஜெயபாண்டிதான். 'ஏலே கூறுகெட்டவனே, நீ ஊத்துனதுனாலயா போனாக? அவுக போற நேரம், போனாக' என்று கருமாதி அன்றைக்கு அவனைக் கிணற்றடிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் அவர்தான் சொன்னார். இப்போது அவரையே அந்தக் கையால் அனுப்பச் சொல்கிறார்கள்.

"ஆசைன்னு ஒண்ணு இருந்தா அது அந்தப் படந்தான் சித்தப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெயபாண்டியின் கடைசி மகள் கிருஷ்ணப்ரியா. விருதுநகரில் காலேஜ் படிக்கிறவள், பரீட்சையை விட்டுவிட்டு வந்து கிடக்கிறாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "நீங்க வருவீங்கன்னு ஆறு மாசமா பாக்காம வச்சிருந்தாக."

எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். ஒத்தச்சடைப் படம். உதயகுமாருக்கு எட்டு வயதும் அண்ணனுக்குப் பதினாலு வயதும் இருந்தபோது பார்த்தது. வாடகைக்கு வீடியோ டெக்கு ஓட்டுகிற திருச்சுழி நல்லமுத்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இரண்டு தமிழ்ப் படத்தோடு அந்தச் சீனாக்காரக் கேசட்டையும் கொண்டுபோவார். மத்தியானப் பந்தி முடிந்து, தொழுவத்தில் சாக்குப்படுதா கட்டி இருட்டாக்கி, தமிழ்ப் படம் ஓடுகிற வரைக்கும் கூட்டம் இருக்கும். சீனாக்காரன் வந்ததும் பெரியாட்கள் கலைந்துவிடுவார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். அழைப்பில்லாத கல்யாணத்துக்கெல்லாம் சைக்கிளில் டபுள்ஸ் போய் ஏழு தடவை பார்த்தார்கள்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அண்ணன் அதை மகளிடம் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து விவரித்து, அவள் யூடியூப்பில் எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிட்டாள். அதுவும் தமிழில் டப் பண்ணினது. அன்றைக்கே போன் வந்தது. 'ஞாயித்துக்கெழமை வாலே, சேந்து பாப்பம்.' உதயகுமார் கடையில் சரக்கு இறங்குகிறது என்றான், அடுத்த வாரம் முகூர்த்த சீசன் என்றான். உண்மை என்னவென்றால் போனிலேயே அண்ணனின் இருமல் கேட்டது. அதை எதிரே உட்கார்ந்து கேட்க அவனுக்குப் பயம்.

இப்போது அந்தப் படம் அவனுக்கு ஒரு பிடி கொடுத்தது. தொங்குவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"அத்தை, படத்தைப் போடுவோம். அண்ணன் காதுல விழட்டும். படம் முடிஞ்சதும் நான் ஊத்துறேன்."

"என்ன படம்? சாமி படமா?"

"சண்டப் படம்."

"ஆத்தாடி! சாகக் கெடக்குறவன் காதுல தேவாரம் திருவாசகம் ஓதுவாக, நீ குத்துச்சண்டையா போடப்போற? உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"போடட்டும் பெரியம்மா," என்றாள் மதினி ரேணுகாதேவி. வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது நாளில் அவள் பேசி உதயகுமார் கேட்ட முதல் பேச்சு அதுதான். மூன்றாம் நாளே பாலை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனவள், வருகிறவர்களுக்குக் காப்பி போட்டே பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மாயக்காள் யோசித்தாள். ஆசை என்று ஒன்று இருந்தால் தீர்த்துவைக்க வேண்டியது அவளுடைய வேலை. "எம்புட்டு நேரம் ஓடும்?"

"ஒண்ணே முக்கா மணி நேரம்."

"முடிஞ்ச கையோட ஊத்தணும். மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு."

நாளைக்குக் காப்பு கட்டப்போகிற ஆத்தாள்மேல் சத்தியம் பண்ணிவிட்டு உதயகுமார் கிண்ணத்தை வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தான். கிருஷ்ணப்ரியா போனை டி.வி.யோடு சேர்த்து, ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள். தீபாவளிக்கு வாங்கிய டி.வி., கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் இருந்தது. ஒத்தச்சடைக்காரன் மதில்மேலிருந்து தலைகீழாகக் குதித்த முதல் காட்சியிலேயே மாயக்காள் "அடியாத்தி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. மணி பதினொன்றரை. வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணனோடு தனியாக இருப்பது இத்தனை பயமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே கால்மாட்டில் உட்கார்ந்தான். மூச்சு உள்ளே போனது. போன மூச்சு வரவில்லை. அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் வந்தது. அடுத்தது ஒன்பதில். அதற்கடுத்தது எத்தனையில் வரும் என்று எண்ணுகிற தைரியம் அவனுக்கு இல்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். மூச்சு காதில் விழாத அளவுக்கு வந்ததும்தான் அவனால் திரையைப் பார்க்க முடிந்தது.

முதலில் எரிச்சலாக இருந்தது. ஒத்தச்சடைக்காரன் வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருந்தது. குரல் யாரோ ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல். ஆளைத் தூக்கிக் கட்டின கம்பி இரண்டு இடத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இதற்கா சைக்கிள் மிதித்தோம் என்று நினைத்தான். அப்புறம்தான் கதை காதில் ஏறியது, அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒற்றைக்கண் கிழவன் ஒளித்துவைத்திருந்த ஏதோ ஒரு ரகசியப் புத்தகத்துக்காக எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"புத்தகமா?" என்று வாய்விட்டே கேட்டான். "அண்ணே, புத்தகமாம்ணே!"

அவன் பார்த்த ஒத்தச்சடைப் படத்தில் புத்தகமே கிடையாது. ஒற்றைக்கண் கிழவன் மடைக்காரன். கண்மாய் மடையைத் திறக்க மாட்டேன் என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவான். வயல் எல்லாம் காயும். ஒத்தச்சடைக்காரன் கீழ்மடைப் பங்காளி. சண்டை நடக்கிற கடை புரோட்டாக் கடை. சீனாக்காரன் பாஷை ஒரு எழுத்து புரியாத தம்பிக்கு அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொண்டே வருவான்: 'இப்ப என்ன சொல்றான்னா, எங்காத்தா மூணு நாளா சோறு பொங்கலடா, மடையத் தெறடான்னு சொல்றான்.' ஏழு தடவையும் ஒரு சொல் மாறாமல் சொன்னான். அது படத்தின் கதை இல்லை, பதினாலு வயது ஜெயபாண்டியின் கதை என்று உதயகுமாருக்கு முப்பத்தெட்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிகிறது.

"களவாணி," என்றான் கட்டிலைப் பார்த்து. சிரிப்பு வந்தது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால், அதற்கு முந்தின மாசமாவது வந்திருந்தால், இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். இருமிக்கொண்டாவது அண்ணன் சிரித்திருப்பார்.

படத்தில் ஒரு தடியன் உண்டு. கடையில் எடுபிடி. 'இவன்தான்லே நீ, ஒத்தச்சடைக்காரனோட தம்பி' என்று அண்ணன் சொல்லியிருந்தான். பாதிப் படம் தாண்டினதும் கிழவனின் ஆட்கள் அந்தத் தடியனைச் சுற்றி வளைப்பார்கள். அந்த இடத்தில் எட்டு வயது உதயகுமார் பயந்துபோய் அண்ணன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். மறுபடி எட்டிப் பார்க்கும்போது தடியன் தரையில் கிடப்பான், ஒத்தச்சடைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். 'அடிபட்ட அசதில தூங்குறான்லே. கடைசில எந்திரிச்சு வருவான், கூட்டத்துல நிப்பான் பாரு' என்பான் அண்ணன். கடைசிக் காட்சிக் கூட்டத்தில் உதயகுமாரும் ஏதோ ஒரு தடித்த ஆளைக் கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொள்வான்.

இன்றைக்கு முகத்தைப் புதைக்க இடமில்லை. முழுசாகப் பார்த்தான். தடியன் தூங்கவில்லை. ஈட்டி முன்னால் ஏறிப் பின்னால் வந்தது. ஒத்தச்சடைக்காரன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ செய்தி வாசிப்புக் குரலில் சபதம் செய்தான். குரல் எப்படி இருந்தால் என்ன, அந்தக் கை தடியனின் தலையை விடவே இல்லை. உதயகுமார் எழுந்து அண்ணனைப் பார்த்தான். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. இருக்கிறார். ரிமோட்டில் பொத்தானை அழுத்திப் பார்த்தான், படம் முடிய இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை எடுத்தாக வேண்டும். பாலில் ஆடை கட்டியிருந்தது. ஒரு ஈ சுற்றிக்கொண்டிருந்தது, அதை விரட்டக்கூட அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

"முருகா, படத்துக்கு நடுவுல கரண்டு போகட்டும்," என்று வேண்டிக்கொண்டான். கடைக்காரன் வேண்டுதலா அது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வேண்டுதல்.

கரண்டு போகவில்லை. கடைசிச் சண்டை வந்துவிட்டது. ஒத்தச்சடைக்காரன் ஒரு நீளப் பெஞ்சை ஆயுதமாக எடுத்துக்கொண்டு பதினைந்து பேரை எதிர்த்து நின்றான். இந்த இடத்தில் டப்பிங் தொந்தரவு இல்லை. வெறும் "ஹுஹா"தான், அது எல்லாப் பாஷைக்கும் ஒன்றுதானே. பெஞ்சின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை ஒருத்தன் தாடையில் ஏறியது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரிப்பது கேட்டது, யாரோ அதட்டுவதும் கேட்டது. உதயகுமார் தன்னை அறியாமல் முட்டிபோட்டு எழுந்துவிட்டான். அடுத்து என்ன வரும் என்று உடம்புக்கு ஞாபகம் இருந்தது. இப்போது உத்திரத்தில் ஏறுவான், இப்போது சடையைப் பல்லில் கடிப்பான், இப்போது கிழவன் இல்லாத கண் பக்கமாக... அப்படியே வந்தது. கிழவன் மாவு மூட்டைக்குள் போய் விழுந்து வெள்ளையாக எழுந்தான். உதயகுமார் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ நாளாயிற்று அப்படிச் சிரித்து. சிரித்த வேகத்தில் பின்னால் கையை வீசி அண்ணன் கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டினான்.

"பாத்தியாண்ணே!"

கால் ஆடி, ஆடினபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

அவன் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை இன்னும் அந்தக் கெண்டைக்கால் மேல்தான் இருந்தது. சூடு இருந்தது. சூடு இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தான். பிறகு எழுந்து, முகத்துப் பக்கம் போய், மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தான். எண்ணினான். இருபது எண்ணினான், முப்பது எண்ணினான், முப்பதுக்குமேல் எண்ண என்ன இருக்கிறது.

எப்போது போனார் என்று தெரியவில்லை. பெஞ்சு எடுத்தபோதா, உத்திரத்தில் ஏறியபோதா, அவன் சிரித்தபோதா? ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினால் தெரிந்துவிடும் என்பதுபோல விரல் அந்தப் பொத்தானுக்கே போனது. போன விரலைப் பார்த்து அவனுக்கே பயமாக இருந்தது. என் கையால் இல்லை, என் கையால் இல்லை என்று உள்ளே ஒரு குரல் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கூசிப்போனான். ஒரு சொட்டுப் பால்கூட இல்லாமல், கூடப் பிறந்தவன் டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் பார்க்காமல் ஒரு மனுஷர் போய்விட்டார்.

இனி கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் மாயக்காள் முதல் ஆளாக ஓலம் எடுப்பாள். திருச்சுழிக்குப் போன் போகும், ஐஸ் பெட்டி வரும், கொட்டு வரும். நாளைக் காப்புக்குள் முடிக்க வேண்டும் என்று பொழுது சாய்வதற்குள் தூக்கிவிடுவார்கள். 'என்ன இருந்தாலும் தம்பி கைப் பாலுக்குத்தான் காத்துக் கெடந்தாரு' என்று ஊரெல்லாம் பேசும். கருமாதி வரைக்கும் பேசும், அடுத்த வீட்டில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் அவனைக் கூப்பிட்டு விடுவார்கள். அவன் திரும்பவும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். திரையில் ஒத்தச்சடைக்காரன் மாவு படிந்த கிழவனைத் துரத்திக்கொண்டிருந்தான்.

கதவு லேசாகத் திறந்தது. ரேணுகாதேவி காப்பி டம்ளரோடு உள்ளே வந்தாள்.

"இன்னும் ஒம்பது நிமிசம் இருக்கு மதினி," என்றான் உதயகுமார் அவசர அவசரமாக, அவள் ஒன்றும் கேட்காமலே.

அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த காலைப் பார்த்தாள். காப்பி டம்ளரை ஓசை வராமல் தரையில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, உதட்டை மட்டும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். வெளியே மாயக்காள் யாரிடமோ மாலைக்குச் சொல்லியாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஊத்தல மதினி."

"தெரியுது."

"அத்தைட்ட என்ன சொல்ல?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அவள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள். வந்து கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, புருஷனின் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். சுவரில் ஒத்தச்சடைக்காரன் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். எதிரே ஆறு பேர் கத்தியோடு வந்தார்கள்.

"இதுல எவன் நல்லவன்?"

"அந்தச் சடைக்காரன்."

"ஆளு ஒல்லியா இருக்கான்," என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

இந்நேரத்தில் இத்தனை இரைச்சல் வேண்டாமே என்று உதயகுமார் ரிமோட்டை எடுத்தான்.

"கொறச்சுராதீக தம்பி," என்றாள் ரேணுகாதேவி. "சத்தம் நின்னா எல்லாரும் உள்ள வந்துருவாக."

உதயகுமார் இன்னும் இரண்டு கட்டம் கூட்டி வைத்தான்.